கறுப்பு ஒரு சொட்டும் வரப்படாது

"புள்ள, ஒருக்கா இஞ்ச வாங்க. சத்தம் போடாம வாங்க."

தாள் வெட்டுகிற றம்ஸான் இப்படிக் கூப்பிட்டால் ஏதோ பிழையாகிப் போயிற்று என்று அர்த்தம். நல்ல சேதியென்றால் அச்சகம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவார். இந்தக் குசுகுசுப்பு கெட்ட சேதிக்கு மட்டும். கீர்த்தனி கணினியை விட்டு எழும்பி, அச்சு மெஷினைச் சுற்றிக்கொண்டு அவர் நின்ற வெட்டும் மெஷினடிக்குப் போனாள். தாள்களை அடுக்காக வைத்து, மேலிருந்து இறங்கும் நீளக் கத்தியால் ஒரேயடியாக வெட்டுகிற மெஷின் அது. அதன் மேசையில் அவளுடைய கலியாணக் காட், அழைப்பு அட்டை, அடுக்கிக் கிடந்தது. வெட்டின சூடு ஆறாத அடுக்கு.

"பாருங்க."

"என்னத்தைப் பாக்கிறது? வடிவாத்தானே இருக்கு."

"மேல உள்ளது வடிவுதான். அடியப் பாருங்க."

அவர் அடுக்கின் அடியிலிருந்து ஓர் அட்டையை உருவிக் கொடுத்தார். குங்குமச் சிவப்பு முடிகிற வலது ஓரத்தில் கறுப்பு நூல் ஒன்று ஒட்டியிருந்தது. கீர்த்தனி நகத்தால் சுரண்டினாள். போகவில்லை.

"நூலில்ல புள்ள. மை."

அவள் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"எவ்வளவுக்கு இப்பிடி?"

"நடுவுக்கு மேல ஒண்டுமில்ல. நடுவுக்குக் கீழ போகப் போகத் தடிக்குது. கடைசியா உள்ளதுக்குக் கரை போட்ட சீலை மாதிரி இரிக்கி."

"றம்ஸான் நானா, இண்டைக்குப் பகிடி விடாதேங்கோ."

"நான் எங்க பகிடி விட்டன்? உள்ளதச் சொன்னன்."

கறுப்பென்றால் வேறு எந்தக் காட்டிலும் பரவாயில்லை. இந்தக் காட்டில் மட்டும் கூடாது. கீர்த்தனியை மணக்கப்போகிற கோகுலனின் தாய் பாக்கியரத்தினம் போன கிழமை இதே அச்சகத்துக்கு வந்து, மாதிரித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பிள்ளை, எழுத்துப் பிழை இருந்தாலும் நான் பொறுப்பன். கறுப்பு ஒரு சொட்டும் வரப்படாது."

"கறுப்பே இல்லை மாமி. எழுத்தெல்லாம் கடுஞ்சிவப்பு."

"கடுஞ்சிவப்புக்குக் கறுப்புக் கலக்கிறதெண்டு கோகுலன் சொன்னான்."

"கலக்கிறதுதான். நாங்கள் அடிக்கிறது நாலு மை மாமி. நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு. மற்ற நிறமெல்லாம் அந்த நாலும் புள்ளி புள்ளியா ஒண்டுக்கு மேலை ஒண்டு விழுந்து வாறதுதான். சிவப்பைக் கடுமையாக்கக் கறுப்புப் போடுவினம். நான் உங்களுக்காக நீலத்தைப் போட்டனான். கறுப்பு மை போற அச்சுத் தகட்டிலை எங்கடை காட்டின்ரை பக்கம் வெறுமை."

"சத்தியமா?"

"சத்தியமா மாமி."

பாக்கியரத்தினம் வீண் பிடிவாதத்துக்குக் கேட்கவில்லை. இந்தக் கலியாணம் ஒருமுறை நாள் குறித்து நின்றுபோனது. அப்போது வேறோர் இடத்தில் காட் அடித்தார்கள். கறுப்பு எழுத்து. காட்டுகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தபோதே பாக்கியரத்தினத்தின் ஒரே தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மஞ்சள் பூசின காட்டுகளை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அவர்கள் ஊரான சல்லியின் கடற்கரையில் வைத்துக் கொளுத்தினார்கள். "இன்னொருக்கா இப்பிடி ஒரு குறி கண்டால் இந்தப் பேச்சையே விட்டிடுவன்" என்று பாக்கியரத்தினம் மகனிடம் சொல்லியிருந்தார். மகன் அதைக் கீர்த்தனியிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சொன்னான்.

அச்சகத்து முதலாளி தங்கத்துரை குசினிப் பக்கமிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்காலை வந்தது இந்தக் கறுப்பு?"

"பக்கத்து வேலையிலையிருந்து, அண்ணை."

"பக்கத்து வேலை எது?"

 கீர்த்தனி மேசையின் மறுபக்கம் கிடந்த மற்ற அடுக்கைக் கண்ணால் காட்டினாள். வெள்ளை அட்டை, சுற்றிவரப் பெருவிரல் அகலத்துக்குக் கறுப்புக் கரை, நடுவில் மீசை வைத்த ஒருவரின் படம். துறைமுகத்து இழுவைப் படகில் நெடுங்காலம் இஞ்சின்காரராக இருந்த சிவகுருநாதனின் அந்தியேட்டிக் காட், முப்பத்தோராம் நாள் கிரியைக்கான அழைப்பு.

"அட கடவுளே," என்றார் தங்கத்துரை. "செத்த வீட்டையும் கலியாண வீட்டையும் ஒரே தாளிலை ஏத்தினியோ?"

"தாள் வேற எங்கை இருக்கு அண்ணை?"

 நாட்டில் ஒன்றும் இல்லாத வருடம் அது. மண்ணெண்ணெய் இல்லை, காஸ் இல்லை, தாளும் இல்லை. கொழும்புத் தாள்க்கடைக்காரன் தொலைபேசியை எடுக்கிறதையே விட்டிருந்தான். நிலாவெளி ஹோட்டல் ஒன்று சாப்பாட்டு அட்டை அடிக்கச் சொல்லிவிட்டு, வெள்ளைக்காரர் வரவில்லை என்று வேண்டாமென்றது. அதற்கு வாங்கின அட்டைத் தாள் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது. அவ்வளவுதான் அச்சகத்தின் கையிருப்பு.

இரண்டு பேரின் வேலையை ஒரு பெரிய தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி அடிப்பது இந்தத் தொழிலில் புதினமில்லை. பல் வைத்தியரின் பெயர் அட்டையும் பலசரக்குக் கடை விளம்பரமும் ஒன்றாகத்தான் மெஷினுக்குள் போய்வரும். வெட்டினபிறகு அது அவரிடம் போகும், இது இவரிடம் போகும். எது எதோடு ஒட்டிக் கிடந்தது என்று ஒருவருக்கும் தெரியவராது. கீர்த்தனியும் அப்படித்தான் நினைத்தாள். மெஷினுக்கு எது நல்ல காரியம், எது கெட்ட காரியம்?

அவள் விட்ட பிழை வேறு. அட்டையின் ஓரம்வரை நிறம் போகவேண்டுமென்றால் அந்த நிறத்தை ஓரத்துக்கு வெளியேயும் கொஞ்சம் ஓடவிட வேண்டும். ப்ளீட் என்பார்கள். கத்தி கொஞ்சம் அங்கே இங்கே இறங்கினாலும் வெள்ளை தெரியாமல் காப்பது அதுதான். இரண்டு வேலை பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் இரண்டுக்கும் தனித்தனி ப்ளீட் விட்டு, நடுவே இரண்டு முறை வெட்டவேண்டும். அதற்குத் தாளின் அகலம் போதவில்லை. கீர்த்தனி இரண்டு ப்ளீட்டையும் எடுத்துவிட்டு, சிவப்பின் ஓரத்தையும் கறுப்பின் ஓரத்தையும் முட்டவிட்டாள். இடையில் ஒரே ஒரு வெட்டு. கத்தி நேரே நடுவில் இறங்கினால் ஒன்றுமில்லை.

"நேரே இறங்கேல்லையோ?"

"கத்தி நேராத்தான் இறங்கின," என்றார் றம்ஸான். "அடுக்குத்தான் சரிஞ்சு நிண்டிரிக்கி. கரண்ட் போகப்போகுதெண்டு கொஞ்சம் உயரமா அடுக்கிட்டன். தட்டி நேராக்கினதும் போதா. பிழை என்ட."

"நான் இடைவெளி விட்டிருந்தால் உங்கடை பிழை தெரிஞ்சிருக்காது," என்றாள் கீர்த்தனி.

"ஆற்றை பிழையெண்டு பிறகு பங்கு பிரியுங்கோ," என்றார் தங்கத்துரை. "இன்னொருக்கா ஓரத்தைச் சீவினால் போகுமோ போகாதோ?"

"போகும். ரெண்டு பக்கமும் ஒரே அளவாச் சீவணும். காட் கொஞ்சம் சின்னனாகும்."

"சீவும் அப்ப!"

றம்ஸான் அடுக்கைத் தூக்கினார். தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த காற்றாடி ஒரு பெருமூச்சு விட்டு மெதுவாகியது. கணினி ஒருமுறை கீச்சிட்டு அணைந்தது. தெருவின் இரைச்சல் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

"போயிற்று," என்றார் றம்ஸான். "சொன்ன நேரத்துக்கு முன்னமே போயிற்று. இந்த நாட்டுல இது ஒண்டுதான் முந்தி வரும்."

கீர்த்தனியின் கைத்தொலைபேசி மினுங்கியது. படகுக்கு மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற கோகுலனிடமிருந்து: "அம்மா ஓட்டோவில ஏறிட்டா. மஞ்சள் டப்பாவும் கையில. ராகு காலத்துக்கு முன்னம் பூசி, முதல் காட்டை காளி கோயில்ல வைக்கவேணுமாம். நல்லா கவனி."

அவள் அதை இருவருக்கும் வாசித்துக் காட்டினாள்.

"கைக்கத்தியாலை வெட்டேலாதோ?" என்று கேட்டார் தங்கத்துரை.

"ஒண்டு ரெண்டு வெட்டலாம் முதலாளி. இவ்வளவையும் வெட்ட வெளிக்கிட்டா மாப்பிள்ள பேரன் கண்டிருவார்."

தங்கத்துரை வாசலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்சை பார் பிள்ளை. மேலை உள்ளதெல்லாம் சுத்தம். சனம் மேலையிருந்துதானே எடுக்கும்? கோயிலுக்கும் கிட்டடிச் சொந்தத்துக்கும் போற அளவுக்கு அவ மஞ்சள் பூசட்டும். பூசினதோடை அனுப்பிவிடுவம். மிச்சத்தைக் கரண்ட் வந்தோடனை சீவிப் பின்னேரம் நானே சல்லிக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன். ஒரு குருவிக்கும் தெரியவராது."

"அவ கீழையும் பூசவெளிக்கிட்டால்?"

"நீ கதை குடு. கதையிலை நேரம் போயிடும்."

 கீர்த்தனி உருவின அட்டையை அடியிலேயே திரும்பச் செருகினாள். இரண்டு கையாலும் அடுக்கைத் தட்டி நேராக்கி, முன்மேசையில் கொண்டுபோய் வைத்தாள். வைத்தபிறகுதான் தன் கைகள் என்ன செய்தன என்று அவளுக்கு உறைத்தது.

பாக்கியரத்தினம் ஓட்டோக்காரனோடு வாய்த்தர்க்கம் பண்ணிக்கொண்டே இறங்கினார்.

"பெற்றோல் இல்லையெண்டு சொல்லிச் சொல்லியே பெற்றோலை முடிக்கிறியளடா! ஊரைச் சுத்திக்கொண்டு வாறான். என்ன பிள்ளை, வேர்த்துப்போய் நிக்கிறாய்?"

"கரண்ட் இல்லை மாமி. இருங்கோ."

"தங்கத்துரைத் தம்பி, சுகமோ? கதிரையைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் போடுங்கோ. ராகு காலம் கிட்டுது. நான் தேத்தண்ணியும் குடிக்கேல்லை, ஒண்டும் குடிக்கேல்லை."

"குடிச்சிட்டுப் பூசலாமே அக்கா, அவசரமென்ன—"

"அவசரம்தான்."

அவர் கதிரையில் இருந்து, மடியில் துவாயை விரித்து, சின்னத் தகர டப்பாவைத் திறந்தார். குழைத்த மஞ்சளின் வாசம் மையின் நெடியை வெட்டிக்கொண்டு எழும்பியது. மேலிருந்த அட்டையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"வடிவாத்தான் இருக்கு. பொய் சொல்லப்படாது. போன முறைக் காட்டை விட இது வடிவு."

"சந்தோசம் மாமி."

நான்கு மூலையிலும் மஞ்சள் ஏறியது. ஓர் அட்டை. அடுத்தது. அதற்கடுத்தது. பாக்கியரத்தினத்தின் விரல் பழக்கப்பட்ட விரல். தொட்டு, நாலு இழுப்பு, காய வைப்பு. கீர்த்தனி எதிர்பார்த்ததைவிட வேகமாக அடுக்கு இறங்கியது. அவளுடைய கண் வலது ஓரத்தை விட்டு அசையவில்லை. சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

"ஏன் பிள்ளை என்ரை முகத்தைப் பாக்காமல் கையைப் பாக்கிறாய்? கை நடுங்குதெண்டோ?"

"இல்லை மாமி. எப்பிடிப் பூசுறியளெண்டு..."

"அதுக்கென்ன படிப்பே! நீயும் ஒரு பக்கத்தாலை தொடங்கு. கெதியா முடியும். கீழ்ப் பாதியை எடு."

"என்ரை கையெல்லாம் மை மாமி."

"கழுவிப்போட்டு வா."

"அக்கா," என்று தங்கத்துரை இடையில் விழுந்தார், "மாப்பிள்ளைக்குக் கடல் தொழில் என்னமாதிரி? ஐஸ் அடிக்கக் கரண்ட் இல்லையெண்டு கேள்விப்பட்டன்?"

"கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை, மீன் நாறுது. வேற என்ன மாதிரி இருக்கும்? கதை குடுக்காதேங்கோ தம்பி, ராகு காலம்."

கீர்த்தனி கை கழுவப் போவதாகப் பாவனை பண்ணி இரண்டடி வைத்தாள். வாசலில் ஆள் நிழல் விழுந்தது.

ஒல்லியான ஓர் அம்மா, சாம்பல் நிறச் சேலை, வெறும் நெற்றி, கையில் ஒரு பிரம்புக் கூடை. சிவகுருநாதனின் மனைவி கோணேஸ்வரி. உவர்மலை வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

"தம்பி, காட் தரலாமெண்டு சொன்னீங்கள்."

பாக்கியரத்தினத்தின் கை நின்றது. டப்பாவின் மூடியை எடுத்து மெதுவாக மூடினார். பூசின காட்டுகளின் மேல் துவாயின் நுனியை இழுத்துவிட்டார்.   கோணேஸ்வரிக்கு அது விளங்கியது. அவர் உள்ளே வராமல் வாசலோரத்து வாங்குப் பலகையில் இருந்துகொண்டார்.

"நான் இதிலை இருக்கிறன். நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ."

கீர்த்தனிக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. இவர் இருக்கும்வரை மஞ்சள் டப்பா திறக்காது. அந்த நினைப்பு வந்ததும் வெட்கமும் கூடவே வந்தது.

றம்ஸான் உள்ளே போய்க் கறுப்புக் கரை அடுக்கைக் கட்டித் தூக்கிவந்து கோணேஸ்வரியின் மடியில் வைத்தார். கோணேஸ்வரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்த அட்டையை உருவினார்.

"ஆள் வடிவா வந்திருக்கிறார்," என்றார். "இந்தப் படம் எடுக்கேக்கை ஏதோ நக்கல் அடிச்சவர். அந்தச் சிரிப்பு அப்பிடியே வாயிலை நிக்குது." விரலால் கரையைத் தடவிக்கொண்டே வந்தவர் இடது ஓரத்தில் நின்றார். "தம்பி, இதென்ன?"

"என்னம்மா?"

"ஓரத்திலை. கோடு மாதிரி."

றம்ஸான் குனிந்து பார்த்தார். தங்கத்துரைதான் பாய்ந்தார்.

"அது மெஷின் மை அம்மா. ஈரத்துணியாலை துடைச்சால் போகும்."

கோணேஸ்வரி சேலைத் தலைப்பை நாக்கில் தொட்டுத் துடைத்தார். அட்டையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"போகேல்லையே. அடுத்ததிலையும் இருக்கு. இதிலையும் இருக்கு."

"என்ன நிறம்?"

கேட்டது பாக்கியரத்தினம். கதிரையிலிருந்து திரும்பாமல் கேட்டார்.

"சிவப்பு," என்றார் கோணேஸ்வரி. "குங்குமச் சிவப்பு."

 கீர்த்தனியும் றம்ஸானும் வெட்டும் மேசையில் கலியாணக் காட்டைத்தான் அடியிலிருந்து மேல்வரை புரட்டிப் பார்த்தார்கள். மற்ற அடுக்கை யாரும் தொடவில்லை. அடுக்கு சரிந்து நின்றால், கத்தி அடியில் கறுப்புக்குள் இறங்கின மாதிரி மேலே சிவப்புக்குள் இறங்கியிருக்கும் என்று தாள் பிடிக்கிற யாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா? சிவப்பில் கறுப்பு பட்டுவிட்டதே என்ற பயத்தில், கறுப்பில் சிவப்பு படலாம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாக்கியரத்தினம் தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். அதன் சிவப்பைப் பார்த்தார். தூரத்தில் வாசலில் தெரிந்த கறுப்புக் கரையைப் பார்த்தார். அடுத்த அட்டைக்குக் கையை நீட்டினார்.

கீர்த்தனி அந்தக் கைக்கும் அடுக்குக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தாள்.

"மாமி, நில்லுங்கோ. இதுக்குக் கீழை உள்ளது நல்லதில்லை."

"ஏன்?"

"கறுப்புப் பட்டிருக்கு."

"பிள்ளை!" என்றார் தங்கத்துரை.

"இல்லை அண்ணை, விடுங்கோ. மாமி, தாள் இல்லை. ரெண்டு வேலைக்கும் ஒரு வேலைக்குரிய தாள்தான் கிடந்தது. அந்த அம்மான்ரை காட்டையும் எங்கடை காட்டையும் ஒரே தாளிலை பக்கத்திலை பக்கத்திலை அடிச்சனான். நடுவிலை இடம் விடேல்லை. வெட்டேக்கை அவவின்ரை கறுப்பு எங்கடையிலை வந்திட்டுது. எங்கடை சிவப்பு அவவின்ரையிலை போயிட்டுது."

"வெட்டின பிழை என்ட அம்மா," என்றார் றம்ஸான். "புள்ளைக்கு ஏசாதீங்க."

பாக்கியரத்தினம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீர்த்தனியின் கையை மெல்ல விலக்கி, அடுக்கு முழுவதையும் இரு கையாலும் பிடித்து, மேல் கீழாகக் கவிழ்த்து வைத்தார். இப்போது அடியட்டை மேலே கிடந்தது. கறுப்புக் கரை வெளிச்சத்தில் பளபளத்தது.

"எப்ப கண்டனீ இதை?"

"நீங்கள் வரமுன்னம்."

"கண்டிட்டும் என்னை மேலையிருந்து எடுக்க விட்டனீ."

"ஓம் மாமி."

"நான் சல்லியிலை பெட்டி பெட்டியா மீன் வாங்கி வித்தவள், தெரியுமோ? மேலை பாரை அடுக்கியிருப்பான், கீழை அழுகின சூடை. ஒரு நாளும் பெட்டியைக் கவிட்டுக் கொட்டாமல் நான் காசு குடுத்ததில்லை. என்ரை வீட்டுக்கு வாறவள்தானே எண்டு இண்டைக்குத்தான் கவிட்டுப் பாக்கேல்லை."

 ஊர்த் தெருக்களில் மாடுகள்போலத் திரிகிற மான்களில் ஒன்று வந்து நின்று, அச்சகத்து வாசலில் கொட்டிக் கிடந்த தாள்ச் சீவல்களை மென்றது. சிவப்பும் கறுப்பும் அதன் வாயில் ஒன்றாகத் தொங்கின. யாரும் அதைத் துரத்தவில்லை.

பாக்கியரத்தினம் எழும்பினார். மடியிலிருந்த துவாய் நழுவி விழுந்தது.

"செத்த வீட்டுக் காட்டோடை ஒட்டிக் கிடந்ததைக் கொண்டுபோய் நான் காளியம்மன்ரை காலடியிலை வைக்கிறதோ? போன முறை பட்டது காணாதெண்டோ? தங்கத்துரைத் தம்பி, நீங்களாவது சொல்லியிருக்கப்படாதோ? இந்தப் பேச்சே எனக்கு வேண்டாம். கோகுலனிட்டை நான்—"

"கொஞ்சம் நில்லுங்கோ."

கோணேஸ்வரி வாங்கிலிருந்து எழும்பியிருந்தார். குரல் பெரிதில்லை. ஆனால் அச்சகத்தில் வேறு சத்தமில்லை.

"என்ரை மனிசன் உங்கடை கலியாணத்துக்குத் தீட்டெண்டு சொல்லுறியள். சரி. உங்கடை கலியாணம் என்ரை மனிசனுக்கு என்ன? அவர் போய் இன்னும் மாசம் முடியேல்லை. அவற்றை முகத்துக்குப் பக்கத்திலை ஆற்றையோ குங்குமம். எனக்குக் கோவம் வரப்படாதோ?"

"உங்களை நான் ஒண்டும் சொல்லேல்லை—"

"சொல்லேல்லை. டப்பாவை மூடினீங்கள்."

பாக்கியரத்தினம் மூடிக் கிடந்த டப்பாவைப் பார்த்தார்.

"கறுப்பைக் கண்டு எல்லாரும் நடுங்குறியள்," என்றார் கோணேஸ்வரி. "எனக்கு ஒரு கட்டைத் தூக்கி மடியிலை வைக்கிறியள், மெஷின் மையாம், துடைச்சால் போகுமாம். இதை ஒருத்தர் பாத்தனீங்களோ? ஒருத்தர்? பிள்ளை, நீ பாத்தனியோ?"

"இல்லை அம்மா," என்றாள் கீர்த்தனி. "எங்கடையைத்தான் பாத்தனான். உங்கடையைத் திருப்பியும் பாக்கேல்லை. அது என்ரை பிழை. மாமியிட்டை ஒளிச்சதும் என்ரை பிழைதான். ரெண்டும்."

அவள் அழவில்லை. அழுதால் அது வேறொரு தந்திரமாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

 துறைமுகப் பக்கம் கப்பலொன்று ஊதியது. கோணேஸ்வரியின் தலை பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பி, பிறகு திரும்பி வந்தது. பாக்கியரத்தினம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து துவாயை எடுத்தார். உதறினார். திரும்பவும் கதிரையில் இருந்தார்.

"றம்ஸான் தம்பி."

"சொல்லுங்க அம்மா."

"இது சீவினால் போகுமோ? உள்ளதைச் சொல்லும்."

"போகும். காட் சின்னனாகும். உறைக்குள்ள ஆடும்."

"ஆடட்டும். அவவின்ரை?"

"அதுவும் போகும். கறுப்புக் கரை ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஒடுங்கும்."

"கரண்ட் எப்ப வரும்?"

"அல்லாஹ்வுக்கும் மின்சார சபைக்கும்தான் தெரியும்."

"ராகு காலம் கழிஞ்சு வந்தாக் காணும்." பாக்கியரத்தினம் மஞ்சள் பூசின காட்டுகளையும் எடுத்துக் கவிழ்ந்த அடுக்கின் மேலேயே வைத்தார். "எல்லாத்தையும் சீவுங்கோ. பூசினதையும் சேர்த்து. ஒண்டு பெரிசு ஒண்டு சின்னன் எண்டு என்ரை வீட்டுக்கு வேண்டாம். முதல் அவவின்ரையை வெட்டுங்கோ. அவவின்ரை நாள்தான் முந்தினது."

 கோணேஸ்வரி கையிலிருந்த அட்டைக் கட்டைத் தானே உள்ளே கொண்டுபோய் வெட்டும் மேசையில் வைத்தார். திரும்பி வரும்போது வாங்குக்குப் போகவில்லை. பாக்கியரத்தினத்துக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த கதிரையில் இருந்தார். பாக்கியரத்தினம் தன் காலை உள்ளே இழுத்து இடம் விட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கத்துரை தேத்தண்ணி கொண்டுவந்தார். இருவரும் குடித்தார்கள்.

கலியாணம் நடக்குமா என்று கேட்கக் கீர்த்தனிக்கு வாய் வரவில்லை. கோகுலனிடமிருந்து "பூசியாச்சோ?" என்று செய்தி வந்தது. அவள் எழுதத் தொடங்கி அழித்தாள்.

"ஆர், கோகுலனோ?" என்றார் பாக்கியரத்தினம்.

"ஓம் மாமி."

"நான் அவனுக்கு ஒண்டும் சொல்லமாட்டன். நீ சொல்லு. கறுப்புப் பட்டதையும் சொல்லு, மேலை நல்லதை வைச்சதையும் சொல்லு. முழுசாச் சொல்லு."

கீர்த்தனி எழுதினாள். முழுவதையும் எழுதி அனுப்பிவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். மறுமொழி வந்து மேசை அதிர்ந்தபோதும் திருப்பிப் பார்க்கவில்லை.

மின்சாரம் வந்தபோது ராகு காலம் கழிந்திருந்தது. காற்றாடி சுழன்று மேசையிலிருந்த தாள்கள் படபடத்தன. றம்ஸான் பிஸ்மி சொல்லிக்கொண்டு கோணேஸ்வரியின் அட்டைகளைப் பாதி பாதியாகப் பிரித்தார். தட்டினார், திரும்பவும் தட்டினார், ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். கத்தி இறங்கியது. சிவப்பு நூல்கள் தரையில் சுருண்டு விழுந்தன. கோணேஸ்வரி முதலாவதையும் பார்த்தார், நடுவிலும் உருவிப் பார்த்தார். தலையாட்டினார். கட்டைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார்.

"வாறன்," என்றார், பொதுவாக.

"போட்டு வாங்கோ," என்றார் பாக்கியரத்தினம்.

பிறகு கலியாணக் காட். மஞ்சள் பூசின மூலைகளும் ஒரு மயிரிழை குறைந்தன. றம்ஸான் சீவி முடித்த அடுக்கைத் தூக்கி வர, கீர்த்தனி வாங்கினாள். முன்மேசைக்குப் போனாள். வைக்கப்போன இடத்தில் ஒரு கணம் நின்றாள். பிறகு அடுக்கைக் கவிழ்த்து, அடி மேலே வர, பாக்கியரத்தினத்தின் முன் வைத்தாள்.

பாக்கியரத்தினம் அவளுடைய முகத்தைப் பார்த்தார். மேலே கிடந்த அட்டையைத் தொடவில்லை. அடுக்கை விரலால் விசிறிபோல் விரித்து, நடுவிலிருந்து ஒன்றை உருவினார். நாலு ஓரத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

"போய்க் கையைக் கழுவிக்கொண்டு வா," என்றார் பாக்கியரத்தினம், டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டு. "நீ இந்தப் பக்கத்தாலை தொடங்கு."